மலிவுச் சாமான்

கிடுகுக் கூரை, ஆகவே பீடி கூடாது.
வெள்ளை மணல், ஆகவே வெத்திலை கூடாது.
மொதலாளி தடித்த எழுத்தில் எழுதி
என் காவல் கொட்டிலில்தான் ஒட்டியிருக்கிறார்.

உல்லையில் இது எனக்கு ஆறாவது சீசன்.
கோமாரியிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து
விடியுமட்டும் பதினொரு கபானாவுக்குக் காவல்.
யானை வந்தால் தகரம் தட்ட வேண்டும்.
குடித்தவன் வந்தால் டோர்ச் அடித்து
அவனுடைய கதவை அவனுக்குக் காட்ட வேண்டும்.

பேர் யோகநாயகம்.
நாலாம் நம்பர் சுவீடன்காரன் யோகா என்பான்.
காலையில் பலகைத் தளத்தில்
காலை மடக்கிச் செய்கிறார்களே, அதுவும் யோகா.
அவன் பேர் என் வாயில் துருப்பன் என்று வரும்.
கணக்குச் சரி.

அன்று சாமம் தாண்டி
வேலியோரம் நின்று
பற்ற வைக்காத பீடியை மோந்துகொண்டிருந்தேன்.
கண்டுவிட்டான்.
வட்ட டப்பா ஒன்றோடு வந்தான்.
சப்பாத்துப் பொலிஷாக்கும் என்றிருந்தேன்.
திறந்தால்
பொம்மைக்குத் தைத்த தலையணை மாதிரி
சின்னச் சின்ன வெள்ளைப் பைகள்.
பொயிலையாம்.
நெருப்பு வேண்டாம், புகை வராது,
துப்பவும் தேவையில்லையாம்.

மறுகா என்னத்துக்குப் பொயிலை?
கேட்க என் இங்கிலீசு காணாது.

நமக்குக் கொடுப்புக்குள் அடக்கித்தான் பழக்கம்.
இது மேலுதட்டுக்குள் போகும் சாமான்.
மாட்டுத் தரகன் பல் பார்க்கிற மாதிரி
தன் உதட்டைத் தானே தூக்கிக் காட்டினான்.
"சொறி யோகா, இது மலிவானது.
எங்கள் ஊரில் காசில்லாதவன் வாங்குவது."

வைத்தேன்.
முதலில் உப்பு.
பிறகு தோணிக்குப் பூசுகிற தார்.
அதற்கும் பிறகு
ஈறுக்குள் சிவத்த எறும்பு இறங்கிப்
புற்றெடுக்கத் தொடங்கியது.
துப்பக்கூடாது என்றானே,
விழுங்கினேன்.
விக்கல் வந்தது.
கடல் ஒரு பக்கம் சரிந்தது,
ஊற்றப்போகிற சட்டி போல.
தெற்கே நிலா வெளிச்சத்தில்
யானைப்பாறை எழும்பி
மெல்ல இந்தப் பக்கம் நடந்தது.

தகரத்தைத் தட்டினேன்.
கை ஓய்கிறவரை தட்டினேன்.
பதினொரு கபானாவிலும் லைட் எரிந்தது.
சாரத்தோடு ஒரு ஜெர்மன்காரி,
கமராவோடு இரண்டு பேர்,
குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவன்.
எங்கே, எங்கே?
இருட்டைக் காட்டினேன்.
இருட்டுக்கு யானை நிறம்தானே,
பார்த்ததாகவே நாலு பேர் சொன்னார்கள்.

துருப்பன் மட்டும்
படியில் குந்தியிருந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
நான் பாக்கு மரத்தடியில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

விடிய மொதலாளி வந்து
ஏசப்போகிறார் என்று நின்றால்
ஐந்நூறு ரூபா தந்தார்.
யானை வந்த கபானா என்று
போர்ட்டில் எழுதப்போகிறாராம்.

அவன் போகிற அன்று
டப்பாவைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.
உள்ளே ஐந்து மிச்சம்.
அடியில் ஒட்டியிருந்த விலையை
சமையல்காரன் நௌபீக் போனில் போட்டு மாற்றினான்.
என் ஒரு ராச் சம்பளத்தில் பாதி.
காசில்லாதவன் வாங்குவது.
நௌபீக் சிரிக்கவில்லை, நானும்.

மூடிக்கு மேல் இன்னொரு மூடி இருந்தது.
சப்பி முடித்ததை வைப்பதற்கென்று
தனியாக ஓர் அறை.
மலிவுச் சாமானுக்கே அப்படி.
இந்தக் கொட்டிலில் நாங்கள் மூன்று பேர்
முறை வைத்துப் படுக்கிறோம்.

ஐந்தையும் மணலில் புதைத்தேன்.
இரண்டு நாள் கழித்து
ஒன்றைத் தோண்டி எடுத்தேன்.
அதை எழுத வேண்டாம்.

மேல் அறையில் இப்போது பஸ் காசு.
இன்று காலை நீட்டிய குற்றியை
கொண்டக்டர் மூக்கருகே பிடித்துப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் பைக்குள் போட்டார்.
கோமாரி வரும்வரை
என் நாக்கு
மேலுதட்டுக்குள் எதையோ
தேடிக்கொண்டே வந்தது.