பொம்பள மாதிரி

தாராவி, தொண்ணூறு அடிச் சாலை.
பதினாறு வருஷமாகப் பாஞ்சாலி
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தனிகாசலம்.
ரவிக்கை மட்டும் என்னுடையது.
கொக்கி மாட்டும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பார்,
முதுகெல்லாம் டீசல் வாசம்.

இந்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை.
வசனம் தெரிந்தவள் நான்தான்,
படுதாவுக்குப் பின்னால் நின்று
அவர் மறந்த அடிகளை எடுத்துக் கொடுத்த வாய்.

துச்சாதனன் சேலையைத் தொடத் தயங்கினான்.
மளிகையில் எனக்குக் கடன் தருகிறவன்.
"இழுடா" என்றேன்,
மத்தளக்காரருக்குக் கேட்காமல்.

விடிந்ததும் குழாயடி வரிசையில் ஒருத்தி:
எல்லாம் சரிதான்க்கா,
அழுகதான்
பொம்பள அழுக மாதிரி இல்ல.

குடம் நிரம்ப நேரமிருந்தது.
அவர் எப்படி அழுவார் என்றேன்.

இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு
அழுது காட்டினாள்.