அரைக்கரண்டித் தண்ணீர்

அது பீடம் என்பார் ஹார்க்னெஸ் ஐயர்.
மேசை என்பார் மாசிலாமணிப் பிள்ளை.
இலுப்பைப் பலகை, நாலு கால்.
ஒரு காலுக்கு அடியில்
ஆடாமலிருக்க நான் சொருகிய ஓட்டுச்சில்லு.

நாகப்பட்டணம் கப்பலில் வந்தன
இரண்டு மெழுகுத்திரிகள்.
ஏற்றினால் ரோமாபுரி என்றது ஒரு கட்சி.
சென்னப்பட்டணத்துக்குக் கடுதாசி போனது.
அத்தியட்சர் பதில் எழுதினார்:
வெளிச்சம் போதாதபோது,
வாசிப்பதற்காக மட்டும், ஏற்றலாம்.

அன்றிலிருந்து எனக்கு வேலை கூடிப்போச்சு.
ஐயர் கண் காட்டினால் சன்னலைச் சாத்துவேன்.
பிள்ளை கனைத்தால் திறப்பேன்.
ஐப்பசி அடைமழையில் மட்டும் சமாதானம்;
இருட்டு இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது.

பிறகு திசை.
ஐயர் கிழக்கே திரும்பி நின்று அப்பம் பிட்டார்.
கை தெரியவில்லை, என்ன செய்கிறாரோ,
முதுகைப் பார்க்கவா கோயிலுக்கு வந்தோம் என்று
முன்வரிசை எழுந்து வெளியே நடந்தது.
அவர்கள் முகங்களைக் கோயிலுக்குள்
அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன்.

கைப்பிடிச்சுவருக்குப் பின்னால்
பாய் விரிக்காத தரையில்
முழங்கால் போடுகிற எங்களுக்கு
என் அப்பன் காலத்திலிருந்தே முதுகுதான்.
யார் அங்கவஸ்திரத்தில் ஒட்டு,
யார் கழுத்தில் தேமல்,
எல்லாம் அத்துபடி.
நாங்கள் கடுதாசி எழுதவில்லை.

கடைசியாகத் தண்ணீர்.
திராட்சரசத்தில் அரைக்கரண்டி கலப்பது
ஆதிச்சபை வழக்கம் என்றார் ஐயர்.
விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் அல்லவா வந்தது?
சிவப்பு மையில் அப்படி இல்லையே என்று
ஜெபப்புத்தகத்தைத் தட்டினார் பிள்ளை.
மூன்று மாதம்.
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.
காணிக்கைத் தட்டில் செல்லாக்காசு விழுந்தது.
கலந்தே தீருவேன் என்றார் ஐயர்.
அப்படியானால், என்றார் பிள்ளை,
மேலத்தெருக் கிணற்றுத் தண்ணீர்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
சரி என்றார்.

அதற்கு மட்டும் கடுதாசி போகவில்லை,
சென்னப்பட்டணத்துக்கும் சீமைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம்
பிள்ளை வீட்டுப் பையன் செம்பு கொண்டுவருவான்.
உள்ளறைப் பலகையில் வைத்து
வாழையிலை மூடிப் போவான்.
நான் தொடக்கூடாது.
மூடியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சித்திரை மாதம்.
இராத்திரி மரநாய் இறங்கியிருக்கிறது.
விடியலில் வந்தேன்: உருண்டு கிடந்தது செம்பு,
தரையில் ஈரம்கூட இல்லை.
முதல் மணி அடித்தாயிற்று.
அரசலாற்றில் தண்ணீர் வர ஆனி ஆகும்.

மணலில் மார்த்தாள் ஊற்று தோண்டியிருந்தாள்,
கொட்டாங்கச்சியால், முழங்கை ஆழம்.
கலங்கல் தெளியக் காத்திருந்து
வேட்டி நுனியில் வடிகட்டி
செம்பை நிரப்பினேன். இலையை மூடினேன்.
கை நடுங்கியதா என்று இப்போது நினைவில்லை.
இரண்டாம் மணியைச் சரியாக அடித்தேன்.

ஐயர் முதுகைக் காட்டிக்கொண்டு கலந்தார்.
பிள்ளை அன்றைக்கு வந்திருந்தார்,
கண்ணை மூடிக் குடித்தார்.
அவர் வீட்டம்மாள் குடித்தாள்.
செம்பு கொண்டுவந்த பையனின் அண்ணன்,
புதிதாகத் திடப்படுத்தல் பெற்றவன்,
ஒரு மிடறு கூடவே குடித்தான்.

வழக்கம்போல நாங்கள் கடைசி.
எங்களிடம் வரும்போது பாத்திரத்தில்
அடிமட்டம்தான் இருக்கும்.
என் பல்லில் ஒரு மணல் நெரிந்தது.
பக்கத்தில் திரும்பினேன்.
மார்த்தாள் தலைகுனிந்தபடி
மெதுவாக
மென்றுகொண்டிருந்தாள்.