இருநூற்றைம்பது டாலருக்குள்

அதற்குமேல் ஒரு சென்ட் கிடையாது என்று
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்,
கார் டயருக்கும் பிள்ளையின் பல் கம்பிக்கும் கீழே.
பக்கத்திலேயே காந்தம் பிடித்து நிற்கிறது
சென்ற ஆகஸ்டில் நான் சுட்ட காகிதம்:
நட்டநடுவில் ஓர் ஓட்டை.
வருகிறவர்களிடம் நானாகக் காட்டுவதில்லை.
தண்ணீர் எடுக்கத்தான் அனுப்புவேன்.

ஹார்ஷமில் கோதுமை அறுத்து முடித்திருந்தார்கள்.
சுடுதளத்தில் நூறு மீட்டருக்கு அப்பால் என் வட்டம்.
கறுப்பில் விழுந்த குண்டு கறுப்பாகவே இருக்கும்.
வெறுங்கண்ணுக்கு எல்லாம் பட்டதுபோல,
கொஞ்சம் சந்தேகித்தால் எதுவுமே படாததுபோல.
ஐந்து சுட்டுவிட்டு நடப்பேன்.
அதுவரை பூட்டைத் திறந்துவைத்துக்கொண்டு
ஒரு வரிசையே எனக்காகக் கொட்டாவி விடும்.

கடையில் மூன்றை மேசைமேல் நிறுத்தினான் ப்ரெண்டன்.
வீதிக்கு எதிரே இறைச்சிக் கடை.
கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் எழுதிய விலையைப் படித்துச் சொல்லு என்றான்.

தொண்ணூற்றொன்பது டாலர்:
அறுபது மடங்கு என்று பெட்டியில் கொட்டை எழுத்து.
அறுபதுக்குத் திருகினால்
ஆட்டுக்கால் பாலில் மிதந்தது.

இரண்டாயிரத்து அறுநூறு:
சும்மா பாருங்கள், பார்க்கக் காசில்லை என்றான்.
விலை தெரிந்தது. விலைக்குப் பின்னால்
இறைச்சிக்கடைக்காரர் தெரிந்தார்.
யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்
கைப்பேசியை நெற்றியில் முட்டிக்கொண்டு
அசையாமல் நின்றார்.
இமையின் ஈரம் வரைக்கும் தெரிந்தது.
கண்ணை எடுத்துவிட்டேன்.
இவ்வளவு துல்லியம் எனக்கு வேண்டாம் என்றேன்.
காசில்லை என்பதற்கு அதுவும் ஒரு சொல்.

இருநூற்று முப்பத்தொன்பது:
ஓரங்களில் மெல்லிய ஊதாக் கரை,
சாயம் கசிந்த வேட்டிபோல.
நாற்பதுவரை நேர்மை. அதற்குமேல் மழுப்பல்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே
முழு வட்டமும் கண்ணில் விழுந்தது.
மருத்துவமனையில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
எங்கே நிறுத்தினால் போதும் என்பது
என் தொழிலுக்குத் தெரியும்.

முக்காலிக்குப் பணமில்லை.
கல்யாண வீடியோ எடுத்த பழைய முக்காலி ஒன்று
காற்றில் பல்லாட்டமாய் ஆடியது.
நடுத்தண்டில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையைக்
கட்டித் தொங்கவிட்டேன். அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை.
தரையிலிருந்து எழும் கானல் இடமிருந்து வலமாக ஓடியது.
இல்லாத தண்ணீர் என்று படித்த அதே கானல்
இருக்கிற காற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஒரு நூல் இடப்பக்கம் பிடித்தேன்.
முதல் குண்டு எட்டில். இரண்டாவது ஏழில்.
பரவாயில்லை, என் கண்ணாலேயே பார்த்தேன்,
ஓர் அடிகூட நடக்காமல்.

மூன்றாவதைப் போடுமுன்
இன்னொருமுறை குனிந்து பார்த்தேன்.
நடுவில், பத்துக்கும் உள்ளே,
பளிச்சென்று ஓர் ஓட்டை பிறந்தது.

நான் விசையைத் தொடவே இல்லை.

அடுத்த தடத்தில் கீத்,
அவருடைய பெரிய முந்நூற்றெட்டு,
என்னுடையதற்கு நேர் பக்கத்தில் அவர் காகிதம்.
"ஒன்று எங்கேயோ போய்விட்டது" என்று
தாடையைச் சொறிந்தார்.
"என் வீட்டுக்கு வந்திருக்கிறது" என்றேன்.
சிரித்தார். மன்னிப்புக் கேட்டார்.
"எப்போதாவது இப்படி ஆகும்" என்றார்.

எப்போதாவது என்றால்
ஆகஸ்டிலுமா என்று நான் கேட்கவில்லை.

இரவு பாத்திரம் கழுவிவிட்டு
குளிர்சாதனப் பெட்டிமுன் நிற்கிறேன்.
பிள்ளையின் பென்சில் ஏழு மில்லிமீட்டர்.
என் இருபத்திரண்டு போட்ட ஓட்டையில் நுழையாது.
கீத்தின் ஓட்டையில் தாராளமாய் நுழையும்.

பென்சில் கையில் இருக்கிறது.
சீவி வைத்தேன்.
பிறகு அதைக் கொண்டே
பட்டியலில் 'தொலைநோக்கி' என்ற வரியை
அடித்துவிட்டு,
மிச்சம் பதினொரு டாலர் என்று
எழுதினேன்.