தித்திப்பு வாசம்

மூன்று வாரமாய் கூலன்ட் டப்பாவில்
கோடு இறங்கிக்கொண்டே போனது.
பழைய ஆடிக்கு அடியில், பனிமேல்,
ஒரு பச்சைச் சொட்டுகூட இல்லை.
"ஹெட் கேஸ்கெட்தான்" என்றான் மேடர்,
துக்கம் சொல்ல வந்தவன் குரலில்.

சைகால் மூடியைக் கழற்றி பம்பைப் பொருத்தி
காற்றடித்தாள். முள் ஏறி நின்று
மனமில்லாமல் சரிந்தது.
எஞ்சினைச் சுற்றி எங்கும் ஈரமில்லை.

பக்கத்து இருக்கையின் கால்விரிப்பைத் தூக்கினாள்.
விரல் நனைந்தது. முகர்ந்தாள்.
"ஹீட்டர் ஓட்டை."

அந்த இருக்கையில்தான் அய்சாடா,
பூட்ஸில் பனியை அள்ளி வருகிறாளென்று
குளிர்காலம் முழுக்கத் திட்டு வாங்கியவள்.

நரீனில் புது ஹீட்டர் கிடைக்காது.
இரண்டு ஹோஸையும் குழாய்த்துண்டால் இணைத்து
கிளாம்ப்பை முறுக்கினாள்.
முள் அசையவில்லை.
ஒழுக்கு நின்றது. சூடும்.

மைனஸ் இருபதில் வீடு திரும்பும்போது
மேடர் இரண்டுமுறை வாய் திறந்தான்.
இரண்டுமுறையும்
கண்ணாடியில்தான் படிந்தது.