நானூற்றுப் பன்னிரண்டாவது மீற்றர்

டெலிகொம் கட்டடத்தில் இருந்து
மூன்று கிலோமீற்றர், நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
அந்த இடத்தில் வெளிச்சம் முட்டித் திரும்புகிறது
என்றது கருவி.
பண்ணைப் பாலத்தில் போய்ப் பார்த்தால் அதே இடம்.
பெக்கோ ஒன்று ரோட்டோரம் கிண்டிப்போட்டு
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றது.

குழிக்குள் இரண்டு கேபிள்.
பழையது செம்பு. உறை வெடித்து, உப்புத்தண்ணி குடித்து,
பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது.
மாரியில் ஒரு இடி விழுந்தால்
அதையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்,
மேசையில் இருக்கும் பெட்டியை எரித்துவிட்டுப் போகும்.
கண்ணாடிக்கு இடியோடு ஒரு உறவும் இல்லை.
செம்பில் முன்னூறு சோடி சுமந்த கதையெல்லாம்
ஒரு இழைக்குள், ஒரு மூலையில் அடங்கும்.

கடலட்டைக்கு இறங்கும் றெக்சன்
சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.
"செம்பை எடுக்கலாமோ அக்கா?"
மனதுக்குள் நிறுத்தும் விட்டான்.
கண்ணாடியைக் கேட்கவில்லை. ஒருவரும் கேட்பதில்லை.
இரும்புக்கடையில் அதற்குத் தராசு இல்லை.

பிறகு கேட்டான்:
"வளைஞ்சு வளைஞ்சு போற வயருக்குள்ள இருந்து
வெளிச்சம் ஏன் ஒழுகேல்லை?"

"தண்ணிக்குக் கீழ நிண்டு நேர அண்ணாந்து பார்த்தா?"
"வானம்."
"சரிச்சுப் பார்த்தா?"
கொஞ்சம் யோசித்தான்.
"தகரம் மாதிரி மினுங்கும். வானம் இல்லை.
கீழ கிடக்கிற மண்ணும் சாதாளையும்தான் மேல தெரியும்."
"அதுதான். சரிவாய்ப் போற வெளிச்சத்துக்கு
வெளிக்கதவு இல்லை.
ஆகலும் மடக்கினால்தான் கசியும்."

வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.
உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராய் நறுக்கி,
நுனிக்கு நுனி வைத்தேன்.
மயிரளவு இழைகள்
திரையில் இரண்டு தூண்களாய் நின்றன.
ஒரு பொறி. ஒன்றாயின.
இழப்பு: பூச்சியம் புள்ளி பூச்சியம் இரண்டு.
இப்படி நாற்பத்தெட்டுத் தரம்.
இருபத்தேழாவதில் கை நடுங்கி, மறுபடி நறுக்கினேன்.

ஊர்காவற்றுறையில் ஆரோ ஒருவரின் போனில்
பாதிச் சொல்லோடு உறைந்த முகம்
இப்போது வாயை மூடியிருக்கும்.
இங்கே ஒன்றும் தெரியவில்லை.
அந்த வெளிச்சம் கண்ணுக்கான நிறமில்லை,
பார்க்கவும் கூடாது.

இரவு சோறு குழைக்கும்போது
சுட்டுவிரலில் சுருக்கென்றது.
ஒரு துண்டு இழை ஏறியிருக்கிறது.
லைற்றுக்குக் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தும் காணேல்லை.
அமத்தி அமத்தி,
திரும்பி வரும் நோவை வைத்து
இடம் பிடிக்கிறேன்.