வியாழனுக்கு முதல்

"எந்தப் பள்ளிக்கூடம்?"
மானிப்பாய் பஸ்ஸில், மரக்கறிக் கடையில்,
செத்தவீட்டில்கூடக் கேட்டார்கள்.
முதல் வருடம் பொய் சொன்னேன்,
நாளுக்கொரு பள்ளிக்கூடம்.
பக்கத்தில் நிற்கும் மிதுரா
நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்
வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி.

வயிற்றுவலி உண்மை.
ஒவ்வொரு திங்களும் சப்பாத்து மாட்டும்போது தொடங்கும்.
புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருடம் கிடந்தது,
அதற்குள் மூன்று ரியூசன்.
ஒரு காலை, போட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.
அவ்வளவுதான்.
பெரிய தத்துவம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆனைக்கோட்டையில் அஞ்சலோவின் தகப்பன்
ஹயஸ் வானை விற்றுவிட்டார்.
வெறுமையான கராஜில், புதன்கிழமைகளில்,
நான்கு வீட்டுப் பிள்ளைகள், ஏழு பேர்.
பெயர்ப்பலகை இல்லை, மணி இல்லை.
ஸஹ்ரா சோனகதெருவிலிருந்து சைக்கிள் பாரில் வருவாள்.
துவாரகனும் இரண்டு தம்பிமாரும் நவாலியிலிருந்து நடந்து,
வழியில் பொறுக்கியதெல்லாம் பொக்கற்றில்.

நிலத்தில் வான் விட்டுப்போன எண்ணெய்க் கறை.
கழுவ வாளியோடு போனேன்.
"அன்ரி, அது நாடு!"
கிழக்கே மலையாம், தெற்கே துறைமுகமாம்,
சோக்கால் கீறிய றெயில்பாதை
கதவு மூலை வரைக்கும்.
எல்லை தாண்டப் பத்திரம் தேவையில்லை,
செருப்பைக் கழற்றினால் போதும்.
தலைநகருக்குத்தான் பெயர் இல்லை.

ஆறு புதன் மிதுரா சுவரோடு இருந்தாள்.
ஏழாவது புதன் குனிந்து, விரலை வைத்து,
"கத்தரித்தோட்டம்" என்றாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எழுதப் போனார்கள்.
கத்தரியா கத்திரியா என்று சண்டை.
அவளும் சண்டை போட்டாள்.
என்ரை பிள்ளை, குரல் உடையக் கத்தி,
சோக்கைப் பறித்து!
வாளியை நான் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

மாரிக்குப் பிறகு கிணறுகளை அளந்தார்கள்.
முழத்துக்கொரு முடிச்சு, கயிற்று நுனியில் கல்.
நான்கு வீட்டுத் தண்ணீரையும் நாக்கில் விட்டு
உவருக்குப் புள்ளி போட்டார்கள்.
எங்கள் கிணறு, ஐந்துக்கு இரண்டு.
ஓடிவந்து அவள் காட்டிய முதல் றிப்போட் அதுதான்.
ஃபெயில்தான். ஆனால் என்ன சந்தோசம்!

நான் மூன்று தரம் ஏ.எல். எழுதி
மூன்று தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவள்.
எதைப் படிப்பிக்க?
கதவடியில் இருந்து பணிஸ் வெட்டினேன்.
அன்றைக்கு ஐந்து பணிஸ்.
"ஏழாய் வெட்டவோ?" என்று கேட்டேன்.
"எட்டு" என்றான் துவாரகனின் கடைசித் தம்பி,
"அன்ரி இருக்கிறா எல்லோ."
நாலைப் பாதியாக்கு, மிச்சம் ஒன்றை எட்டாக்கு,
ஆளுக்கு அரையே அரைக்கால்.
முப்பத்தெட்டு வயதில்
பின்னம் எனக்கு விளங்கியது,
வாய் நிறையச் சீனியோடு.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
கிடைக்காத புதன்களும் இருந்தன.
காய்ச்சல், வெள்ளம்,
கராஜ் சாவி யாரிடம் என்று
பெரியவர்கள் நாங்கள் முகம் முறித்த ஒரு மாதம்.
கிராமசேவகர் வந்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னோம்.
இரவில் இன்னமும் பயம் வரும்,
சப்பாத்தைக் கழற்றிய கை சரியான கைதானா என்று.

போன கிழமை பஸ்ஸில்
ரிக்கற்றைக் கிழித்தபடி கொண்டக்டர் கேட்டார்:
"பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?"
நான் வாய் திறக்க முதல்
"புதன்" என்றாள்.
"அது எங்கை இருக்கு?"
"வியாழனுக்கு முதல்."
அவர் ஒரு கணம் யோசித்து,
மிச்சச் சில்லறையை
அவள் கையிலேயே எண்ணி வைத்தார்.