பதினைந்தாவது பிட்

எல் ஆல்ட்டோவில் வியாழக்கிழமைச் சந்தை
மைல்கணக்கில் நீளும்.
கழற்றிய கதவு, ஒற்றைச் செருப்பு, பஸ் எஞ்சின்,
அடுத்த தார்ப்பாயில்
அடிமாட்டு விலைக்குச் சர்க்யூட் போர்டுகள்.
வாங்குமுன் முகர்ந்து பார்ப்பேன்.
கெட்டுப்போன மின்தேக்கிக்கு
ஒரு மீன் வாடை உண்டு.
"இது தக்காளியில்லை, சேச்சீலியா" என்பார்
விற்கிற செனோபியோ.
ஐந்து பொலிவியானோ குறைக்கவும் மாட்டார்.

அப்படிப் பொறுக்கிய ஒரு சில்லு,
செத்த வாஷிங் மெஷின்களில் பிடுங்கிய
இரண்டு ஓட்டமானி,
எல்லாம் அடங்க ஓர் ஐஸ்கிரீம் டப்பா.
எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டிக்கு
நான் வைத்த கணக்குப்பிள்ளை அது.
வருவதைக் கூட்டும், போவதைக் கழிக்கும்,
மீதத்தை ஐந்து சிவப்பு எண்களில் சொல்லும்.
சம்பளம் கேட்காது.

ஜூலை. மைனஸ் ஒன்பது டிகிரி.
விடியுமுன் எர்மெலிண்டா கதவை இடித்தாள்.
"உன் பொம்மைக்குப் புத்தி பேதலித்துவிட்டது."

19496.

பத்தாயிரம் லிட்டர்தான் கொள்ளும் தொட்டி.
ஏணியில் ஏறி டார்ச் அடித்தேன்.
மேலே அப்பளம் போல் பனிக்கட்டி,
அடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தண்ணீர்.
நள்ளிரவில் குறித்த எண் 3112.
அதற்குப் பிறகு யாரும் குழாயைத் தொடவில்லை.

விரல் விறைக்க, கழித்துப் பார்த்தேன்.
16384.
சில எண்கள் முகம் பார்த்தாலே தெரியும்,
திருவிழாக் கூட்டத்தில் தெரிகிற
மைத்துனன் முதுகு போல.
ஒன்றைப் பதினான்கு முறை இரட்டித்தால் வருகிறவன் இவன்.
ஒரே ஒரு பிட்.
பதினைந்தாவது
(பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற எங்களுக்குப் பதினான்காவது).
பூஜ்யமாய்ப் படுத்திருந்தது,
எழுந்து ஒன்றாய் நின்றுவிட்டது.
மற்ற பதினைந்தும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஞாயிறு தெருக்கூட்டத்தில் சொன்னேன்:
எந்த யுகத்திலோ ஒரு விண்மீன் வெடித்திருக்கும்,
அதன் துகள் வந்து நம் காற்றில் மோதும்,
உடைந்த சிதறல் கீழே கொட்டும்.
கடலோரக்காரர்களுக்குத் தடித்த போர்வை,
நமக்கு நான்காயிரம் மீட்டரில் மெல்லிசு.
ஒரு சிதறல் சில்லுக்குள் புகுந்து
ஒரு கதவைத் தட்டியிருக்கலாம்.

வெல்டர் ஃபாக்குண்டோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
"நட்சத்திரம் என்கிறாய்.
நான் பார்த்தவரை உன் சாலிடர் சரியில்லை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சாட்சியில்லாத குற்றம்.
திருத்திய கையோடு தடயமும் அழிந்துவிடும்.

ஆனாலும் மருந்து உண்டு.
இப்போது ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதுகிறேன்.
இரண்டு சொல்வது சட்டம்.
மூன்றாவது தலையாட்டித் திருந்திக்கொள்ளும்.

டப்பா இருக்கட்டுமா, எடுப்பதா?
கையுயர்த்தச் சொன்னார்கள்.
செயலாளர் எண்ணினார்: இருபத்து மூன்று.
சந்தேகத்தில் மறுபடி: இருபத்து நான்கு.
மூன்றாவது தடவை: இருபத்து மூன்று.
"இருபத்து மூன்று" என்று எழுதிக்கொண்டார்.
நான் மட்டும் சிரித்தேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

தோற்ற கணக்குகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.
பதினோரு மாதத்தில் நான்கு வரி.
வித்தியாசம் 8.
வித்தியாசம் 512.
வித்தியாசம் 2.
ஒவ்வொரு முறையும் கூரையேறி அண்ணாந்து பார்த்தேன்,
அசட்டுத்தனம்தான்,
அனுப்பியவருக்கு ரசீது கொடுக்கப் போவது போல.

நேற்று நான்காவது.
வித்தியாசம் 37.

முப்பத்தேழு எந்த இரட்டிப்பிலும் வராது.
விண்மீன் மேல் பழிபோட முடியாது.
ஓட்டமானியும் சாலிடரும் குற்றமற்றவர்கள்;
மூன்று பிரதிக்கும் அவர்கள் தருவது ஒரே சேதி.
பிறகு நான் எழுதிய நிரலில்,
எழுநூற்றுச் சொச்சம் வரிகளில் எங்கோ,
என் கைப்பட,
மாதக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறது அது.

கோக்கா டீ ஆறிவிட்டது.
இருநூற்றுப் பத்தாவது வரியில் இருக்கிறேன்.
வெகுநாளைக்குப் பிறகு
தூக்கம் வராததில் ஒரு சந்தோஷம்.
எர்மெலிண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை.